கான்டெஸாவுக்கு ஏசி போடக் கொடுத்து ஏமாந்த கதை

பழைய கான்டெஸா, அம்பாசடர், பத்மினி என்று எதையாவது ஆசையாக வைத்துக்கொண்டு, இந்த வெயிலுக்கு ஒரு ஏசி போட்டுவிட்டால் என்ன என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 68,000 ரூபாய் கொடுத்துப் போட்ட ஏசி. மூன்றாவது மாதம் வண்டி டோ லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தது. பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை, இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள்.

வண்டி 1996 மாடல். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஏசி கிடையாது. கான்டெஸா 1984-ல் கொல்கத்தா பக்கத்து உத்தர்பாரா ஆலையிலிருந்து வெளிவர ஆரம்பித்தபோது அவ்வளவு பெரிய உடம்புக்குள் அம்பாசடர் பரம்பரையின் 1.5 லிட்டர் இன்ஜினைத்தான் வைத்தார்கள். பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசு (ஜப்பான் கம்பெனி) பெட்ரோல் இன்ஜின்தான் அந்த வண்டிக்கு உயிர் கொடுத்தது. என்னுடையது அந்த இசுசு. இங்கே கான்டெஸாவை மஸில் கார், அதாவது பெரிய இன்ஜின் போட்ட முரட்டு வண்டி, என்கிறோம். 88 குதிரைத்திறனுக்கு அந்தப் பெயரா என்று அமெரிக்க வி8 ரசிகர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த நீளமான பானட்டைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் சிக்னலில் கண்ணாடியை இறக்கி "என்ன வருஷம் சார்?" என்று கேட்கிறார்கள்.

ஆனால் சித்திரை மாதத்தில் அந்த ரெக்ஸின் சீட்டில் உட்கார்ந்தால்தான் தெரியும். அம்மா ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் ஏசி.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். ஓனர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், பானட்டைத் திறந்தார், "கான்டெஸா எல்லாம் எங்க அப்பா காலத்துல இருந்து பாக்குறோம் சார். ஐஸ் மாதிரி இருக்கும், நீங்க ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க" என்றார். புது கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடுவது), புது கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே தள்ளுவது), டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் கூலிங் யூனிட், ஒயரிங், கேஸ், எல்லாம் சேர்த்து 68,000. அட்வான்ஸ் 40,000. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். நானும் மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். முட்டாள்தனம் அங்கேயே ஆரம்பம்.

பத்து நாள் என்றது இருபத்து நான்கு நாள் ஆனது. டெலிவரி கொடுத்த நேரத்தை மட்டும் கவனியுங்கள்: ராத்திரி ஏழரை மணி. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஐஸ் மாதிரிதான் இருந்தது. மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். தூறலில், ராத்திரியில், ஓடுகிற வண்டியில் எந்த ஏசிதான் குளிராது? அடுத்த நாள் மதியம் ஒன்றரைக்கு வடபழனி சிக்னலில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. வென்டில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடப் போகிறது, ஏசி கம்ப்ரசரின் கிளச் 'டக்' என்று ஒட்டும்போதெல்லாம் இன்ஜின் திணறி அணைகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

போன் செய்தேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்."

இந்த ஒரு வரியை அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. இன்ஜின் அணைகிறது என்று கொண்டுபோனால், கார்புரேட்டரில் ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஸ்க்ரூவை முறுக்கி அனுப்பிவிட்டார். ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் வண்டி 1,400 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டு நிற்கும், பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். ஏசி ஓடும்போது மட்டும் ஐடிலைத் தூக்கிவிட ஒரு சின்ன வேக்கம் ஆக்சுவேட்டர் போதும், கார்புரேட்டர் காலத்து ஏசி வண்டிகளில் வழக்கமாக இருந்த சாமான்தான். அதைப் போட மனசு வரவில்லை. அடுத்து, இடது பக்கம் உட்கார்ந்த அம்மாவின் செருப்பு நனைந்தது. கூலிங் காயிலின் தண்ணீர் வெளியே போகும் டியூபை வண்டிக்கு வெளியே விடாமல் கால்மிதிக்குக் கீழே செருகியிருந்தார்கள். "ஹியூமிடிட்டி சார்" என்றார். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன், தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு.

கடைசியில் செங்கல்பட்டுக்கு முன்னால் ஜிஎஸ்டி ரோட்டில் (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை), கீச்சென்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் வாடை, புகை. கம்ப்ரசர் இறுகிப்போய் அதன் பெல்ட் கிழிந்து, கிழிந்த நார் பக்கத்து ஃபேன் பெல்ட்டையும் இழுத்துப் போட்டுவிட்டது. வாட்டர் பம்ப் சுற்றவில்லை, பேட்டரிக்குச் சார்ஜும் இல்லை. அப்படித்தான் டோ லாரி.

வண்டியை இப்போது பார்ப்பவர் அம்பத்தூர் பக்கம் இருக்கும் ஒரு பாய். எழுபதை நெருங்குகிறவர், தனியாக வேலை செய்கிறார். கம்ப்ரசரைக் கழற்றினார், பேசவில்லை. ஒரு பிளேடை எடுத்து அதன் பளபள கறுப்பு பெயின்டைச் சுரண்டினார். அடியில் வெள்ளை பூத்த பழைய அலுமினியம், கம்பெனி தகடு பிடுங்கப்பட்ட இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை. அப்புறம் அதைக் கவிழ்த்து டீ கிளாஸில் ஆயிலை வடித்தார். கருந்தேன் மாதிரி நாலு சொட்டு. வெயிலில் தூக்கிக் காட்டினார், உள்ளே வெள்ளித்தூள் மினுக்கியது. "இது தூள் இல்ல தம்பி, கம்ப்ரசரு" என்றார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். அந்தக் காலத்து ஏசிகளில் ஓடியது ஆர்-12 கேஸ். ஓசோனை அரிக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010-ல் இந்தியாவிலும் அதற்கு முடிவு கட்டினார்கள். இப்போது அடிப்பது ஆர்-134ஏ என்ற வேறு கேஸ். ஆர்-12 கம்ப்ரசருக்குள் இருக்கும் மினரல் ஆயில் 134ஏ-வோடு கலக்காது. கேஸ் சுற்றி வரும், ஆயில் வழியிலேயே தங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு தன்னையே தின்னும். காயலான் கடையிலிருந்து வந்த கம்ப்ரசருக்கு பெயின்ட் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு உள்ளே ஆயிலை மாற்றத் தோன்றவில்லை. கேஸ் அடிக்கும் முன் வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தார்களா என்பதும் சந்தேகம்தான். பம்பை வைத்து 29 இன்ச் வரை இழுத்து, அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால்தான் கேஸையே திறக்கணும் என்கிறார் பாய். ஈரம் போவதும் அதில்தான், லீக் தெரிவதும் அதில்தான்.

கண்டென்சர் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கில் இருந்து வந்தது, ரேடியேட்டரின் பாதியைக்கூட மறைக்கவில்லை, ஒயர் டேக் போட்டுக் கட்டியிருந்தது. அதே சூட்டில் 134ஏ-வின் ஹை சைடு பிரஷர் (கம்ப்ரசருக்குப் பின் கண்டென்சர் பக்கத்து அழுத்தம்) ஆர்-12-ஐ விட மேலே போகும், அதனால் கண்டென்சர் பெரிதாக வேண்டும், அதற்குத் தனி எலக்ட்ரிக் ஃபேனும் வேண்டும். இன்ஜினோடு சுற்றும் ஃபேன் சிக்னலில் மெதுவாகத்தான் சுற்றும், அங்கேதான் சூடு தேங்குகிறது. என் வண்டியில் எலக்ட்ரிக் ஃபேனே இல்லை. "ஃபேன் போட்டாச்சு" என்று துண்டுச்சீட்டுக் கணக்கில் மட்டும் இருந்தது. ப்ளோயருக்கு ஃபியூஸ் கிடையாது, ரிலே கிடையாது, நேராக ஹெட்லைட் ஒயரில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப் உருகி, செம்பு வெளியே தெரிந்தது. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) பைப் போகும் ஓட்டைக்கு ரப்பர் வாஷர் இல்லாமல், அறுத்த தகட்டு விளிம்பு ஹோஸைப் பாதி அறுத்திருந்தது. மூன்று மாதம் அம்மாவை இந்த வண்டியில்தான் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கொடுக்கப் போகிறவர்கள் கம்ப்ரசரை டப்பாவோடு காட்டச் சொல்லுங்கள், தகட்டை நம்பர் தெரியப் போட்டோ எடுங்கள், டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வேக்கம் போடும்போதும் கேஸ் அடிக்கும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். கேஸ் தராசில் எடை பார்த்து ஏறணும், பைப்பைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். டெலிவரி மதியம் ஒரு மணிக்கு மேல்தான். அரை மணி நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டு முள்ளைப் பாருங்கள், அதுவரை மீதிப் பணம் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஜிஎஸ்டி மிச்சம் என்று பில்லை விட்டால் என்னைப் போல்தான்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் வைத்தேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "நியூ கம்ப்ரசர் சார்" என்ற மெசேஜும்தான் என்னிடம் இருந்த ஆதாரம். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதைச் சொன்ன பிறகு 18,000 இரண்டு தவணையாக வந்தது. அதன்பின் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். மீதி 50,000-க்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாய் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி செய்ய 54,000 வாங்கினார். அதற்கு முறையான பில் இருக்கிறது. போன வாரம் மதியம் இரண்டு மணிக்கு அதே வடபழனி சிக்னலில் நின்றேன். முள் நடுவில் நின்றது. அம்மா வென்டைத் தன் பக்கத்திலிருந்து கொஞ்சம் திருப்பிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.