கையெழுத்தான ஃபைலுக்குக் காசு கொடுத்தேன்

லைசென்ஸோ வேலையோ இடமாற்றமோ, எதுவானாலும் "மேலே பேசி முடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சின்னதாக ஒரு தொழில் தொடங்க அனுமதி கேட்டிருந்தேன். தாள்கள் எல்லாம் சரி, கட்டணமும் கட்டியாச்சு. ஆனாலும் இரண்டு மாதமாக "ஃபைல் மேலே போயிருக்கு" என்ற ஒரே பதில்தான். அப்போதுதான் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் பின்னாலேயே திரிகிற ஒருவர் என்னைத் தேடி வந்தார். என் எதிரிலேயே போன் போட்டு, "அண்ணே, நம்ம பையன்தான், பார்த்துச் செய்யுங்க" என்றார். அந்தப் பக்கம் யாராவது இருந்தார்களா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். பணம் கொடுத்த நாலாம் நாள் அனுமதி கைக்கு வந்துவிட்டது. நானே நாலு பேரிடம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது.

காசோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டத்துக்கு ஆள் கூட்டி வா, பேனருக்குப் பணம் கொடு என்று ஆரம்பித்தது. தேர்தல் நேரத்தில் நோட்டும் பேனாவுமாக வாசலில் நின்று, "வீட்டில் மொத்தம் எத்தனை ஓட்டு?" என்று கேட்டு, என் பெயருக்கு நேரே 5 என்று எழுதிக்கொண்டு போனார். முறைப்படி எனக்குச் சேர வேண்டியதற்கு என் அம்மாவின் ஓட்டு வரை கடனாகிவிட்டது.

போன மாதம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டி, பழைய ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே 5ஆம் தேதி. நான் பணம் கொடுத்தது 8ஆம் தேதி! கையெழுத்தான சேதி உள்ளேயிருந்து அவர் காதுக்கு வந்திருக்கிறது, ஓடி வந்திருக்கிறார், அவ்வளவுதான். விசாரித்தால் இதுதான் அவர் பிழைப்பாம். பத்துப் பேரிடம் வாங்குவார். யாருக்குத் தானாக முடிகிறதோ அந்தப் பணம் அவருக்கு, முடியாதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் "நாணயமான ஆள்" என்று பெயர் வேறு!

பெரிய இடத்திலும் கதை இதேதான். அமெரிக்காவில் ஜாக் ஏப்ரமாஃப் என்ற லாபியிஸ்ட் (காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காக அரசியல்வாதிகளிடம் பேசுகிறவர்), டெக்சாஸில் டிகுவா பழங்குடியினர் நடத்திய சூதாட்ட விடுதியை மூட மறைமுகமாக வேலை பார்த்தார். 2002இல் அது மூடப்பட்டதும், திறக்க உதவுவதாகப் போய் நின்று, தன் கூட்டாளி மூலம் அவர்களிடமே 42 லட்சம் டாலர் கறந்தார். 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2003ஆம் ஆண்டின் ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு, செல்வாக்கை விற்பதைக் குற்றமாக்குவது பற்றி நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. செல்வாக்கு நிஜமாக இருந்தாலும் சரி, இருப்பதாகக் காட்டிக்கொண்டாலும் சரி. எழுதியவர்கள் எங்கள் ஆளைப் பார்த்திருப்பார்கள் போல.

விண்ணப்பம் கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். இழுத்தடித்தால் யாரிடம், என்றையிலிருந்து நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? புகார் தருமுன் ஒரு வக்கீலைப் பாருங்கள், பெரும்பாலான நாடுகளில் லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். நாம் வாயைத் திறக்க மாட்டோம் என்று அவர்கள் தைரியமாக இருப்பது இதனால்தான்.

நேற்று அவரே போன் செய்தார். "புதுப்பிக்கணுமே தம்பி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை போடவா?" ஒப்புகைச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. இன்னும் விண்ணப்பமே போடவில்லை அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டேன்.