தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம்: மூன்று நாள் தங்கியவனின் மதிப்பீடு

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வங்கி ஊழியர்களின் வீடுகளில் ஒரு பருவத்தின் பெயராகவே ஆகிவிட்டது. இவ்வாண்டு அது முடிந்த பின்னும் எனக்கு உறக்கம் திரும்பவில்லை. ஜெபிக்க முழங்காலிட்டால்கூட வசூலாகாத கடன்களே வரிசையாக நினைவில் வந்து நின்றன. அந்த நிலையில்தான், குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள சச்சிதானந்த ஆசிரமத்திற்கு, அதாவது சாந்திவனத்திற்கு, மூன்று நாள் விடுப்பில் சென்றேன்.

1950இல் ஜூல் மோன்சனென், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமம் இது. 1968இல் பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸின் கல்லறையும் இங்கேயே இருக்கிறது. ஆலயம் இந்துக் கோயிலின் அமைப்பில் கட்டப்பட்டது. நாளுக்கு மூன்று வேளை நடைபெறும் வழிபாட்டில் விவிலிய வாசகத்தோடு உபநிடத வாசகமும் பஜனையும் ஆரத்தியும் உண்டு. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்தச் சபை) குடும்பத்தில் வளர்ந்த எனக்கு முதல் மாலை திருநீற்றுத் தட்டு அருகில் வந்தபோது கை நீளவில்லை, எவரும் வற்புறுத்தவுமில்லை. கத்தோலிக்கர்களுக்குச் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் இந்தத் தயக்கம் குறைவாக இருக்கலாம்.

எனக்கு உண்மையில் பயன்பட்டவை காலையும் மாலையும் அமர்ந்த தியான நேரங்களே. எவரும் எதுவும் கற்பிப்பதில்லை. மரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ தனியே உட்கார வேண்டியதுதான். சித்திரை வெயிலில் காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடந்தது. முதல் நாள், அறையில் வைத்துவிட்டு வந்த செல்பேசியைத் தேடிக் கை சட்டைப்பைக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் மாலையில், கடன்காரர்களின் பெயர்களை விரட்ட முயலாமல் ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு மனம் ஓரிடத்தில் நின்றது.

தரையில் அமர்ந்து மௌனமாக உண்ணும் எளிய சைவ உணவைத் தனியே குறிப்பிட வேண்டும். வருவோரும் போவோரும் மிகுந்து உண்ணக்கூட நேரமில்லாமற்போன சீடர்களைத் தனித்து இளைப்பாற இயேசு அழைத்ததை மாற்கு 6ஆம் அதிகாரத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கணினித் திரையைப் பார்த்தபடியே சோற்றை விழுங்கிப் பழகிய எனக்கு, அதிலுள்ள சாப்பாட்டுச் செய்தி அந்தப் பந்தியில்தான் கண்ணில் பட்டது.

எழுச்சியூட்டும் பிரசங்கத்தையோ, தலையில் கைவைத்து ஜெபிக்கும் ஊழியரையோ எதிர்பார்ப்பவர்களுக்கு இவ்விடம் பொருந்தாது. முன்கூட்டியே கேட்டு இடத்தை உறுதிசெய்துகொண்டு, திருச்சி–கரூர் சாலையில் செல்லும் பேருந்திலோ, குளித்தலை வரை இரயிலிலோ போகலாம். சனி, ஞாயிறு மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். முதல் நாள் முழுவதும் அலுவலகமும் உடன் வந்துவிடுகிறது.