கயோட்டிக்கு மின்வலை: 164 அடிச் சுருள் எப்படி?

கயோட்டி என்பது ஆட்டைப் பிடிக்கும், ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு விலங்கு. “வலை கட்டியும் கயோட்டி புகுந்துவிட்டது” என்ற புகாரைக் கிளறினால், பெரும்பாலும் மண்ணில் அடிக்கும் எர்த் கம்பியில்தான் போய் நிற்கும். அமெரிக்காவில் செம்மறி வளர்ப்பவர்கள் இரவுக் கிடைக்கு வாங்கும் 42 அங்குல உயர மின்வலை நல்ல சரக்குதான். ஆனால் அதைப் பாதிப் பொருளாகத்தான் விற்கிறார்கள்.

சுருளின் நீளம் 164 அடி. சுமார் 12 அடிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் முளைகள் வலையோடு சேர்ந்தே வரும். கிடைமட்ட இழைகளில் மெல்லிய எஃகுக் கம்பி முறுக்கியிருக்கும். தரையைத் தொடும் அடி இழையில் மட்டும் மின்சாரம் கிடையாது. நான்கு சுருளைச் சதுரமாக நட்டால் ஏறத்தாழ 62 சென்ட் நிலம் உள்ளே அடங்கும். ஒரு சுருள் சுமார் 200 டாலர்; வலைக்கு மின்துடிப்பு அனுப்பும் எனர்ஜைசர் பெட்டியும் எர்த் கம்பியும் தனிச் செலவு.

எனர்ஜைசர் வாங்கும்போது சுருளுக்குக் கால் ஜூல் (மின்துடிப்பின் ஆற்றல் அளவு) என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது சேமிப்பு ஜூலாக இருக்கலாம். வலைக்கு உண்மையில் போகும் வெளியீட்டு ஜூலைப் பாருங்கள். வலையின் கடைக்கோடியில் மீட்டர் 4,000 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். 3,000-க்குக் கீழே போனால், ரோமம் அடர்ந்த கயோட்டிக்கு அது வெறும் கயிறு.

கயோட்டி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழையத்தான் முதலில் பார்க்கும். ஈர மூக்கை நீட்டி இழையை முகரும். அந்த நொடியில் மின் அடி விழவேண்டும். மூக்கில் ஏறும் மின்சாரம் கால் வழியே மண்ணில் இறங்கி எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அடி. மேற்கு மாநிலங்களின் காய்ந்த கோடை மண்ணில் ஒற்றைக் குட்டைக் கம்பி எதற்கும் காணாது. துத்தநாகம் பூசிய 6 அடிக் கம்பி மூன்றை 10 அடி இடைவெளியில் அடித்து, ஒரே வகைக் கம்பியால் இணைக்கவேண்டும். சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எனர்ஜைசரிலிருந்து 300 அடிக்கு அப்பால் இரும்புக் கம்பியை வலையில் சாய்த்து மண்ணில் ஊன்றி, வோல்ட்டை 2,000-க்குக் கீழே இறக்குங்கள். பிறகு எர்த் கம்பியில் மீட்டர் வையுங்கள். 300 வோல்ட்டைத் தாண்டினால் இன்னும் ஒரு கம்பி அடிக்கவேண்டும்.

வலையிலும் குறை உண்டு. மூலையில் தொய்யும், வெளிப்பக்கம் இழுகயிறு கட்டாமல் நிற்காது. குழியான இடத்தில் கீழே இடைவெளி விழும், கயோட்டி தேடுவதும் அதைத்தான். புல் ஈரத்தோடு இழையில் சாய்ந்தால் வோல்ட் சரியும் என்பதால், நடுவதற்கு முன்பே தடத்தை ஒட்ட வெட்டிவிடவேண்டும். தரையில் கிடக்கும் உலர்ந்த வெண்பனி எர்த்தைத் துண்டித்துவிடும். கொம்புள்ள வெள்ளாடு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். தவளை, ஆமை, பாம்பு கீழ் இழைகளில் சிக்கிச் சாகும். மின்சாரம் இல்லாமல் வலையைச் சும்மா நிறுத்திவைக்கவே கூடாது. ஒருமுறை அடியில்லாமல் நுழைந்த கயோட்டிக்கு அப்புறம் வலை மேல் பயமிருக்காது.

வாங்குவதற்கு முன் கொன்றது யார் என்று பாருங்கள். தாடைக்குக் கீழே தொண்டையில் பல் பதிந்திருந்தால் பெரும்பாலும் கயோட்டி. பின்னங்கால், விலா, காது எல்லாம் கண்டபடி கிழிந்திருந்தால் ஊர் நாயைச் சந்தேகிக்கலாம்.

சுட்டுத் தள்ளினால் போதாதா என்றால், கலிஃபோர்னியாவின் ஹோப்லேண்ட் ஆய்வுப் பண்ணையில் நடந்த ஆய்வில் ஆடு கொன்றவை பெரும்பாலும் எல்லை பிடித்து இனப்பெருக்கம் செய்யும் சோடிகளே. கண்ணில் பட்டதைச் சுட்டால் ஆடு கொல்லும் கயோட்டி தப்பிவிடலாம். ஆட்டைத் தொடாத சோடி எல்லையைக் காத்துக்கொண்டு எலி, முயல் தின்றுகொண்டிருந்தால் அது பண்ணைக்கு லாபம். மான்குட்டிகளையும் அது விடாது என்பது வேறு கணக்கு.

வயோமிங் மாநிலத்தில் உள்ளது போன்ற திறந்த மேய்ச்சல் வெளிக்கு இந்த வலை உதவாது; பகலில் பரந்து மேயும் மந்தைக்குக் கிரேட் பிரினீஸ், அக்பாஷ் போன்ற காவல் நாய்கள்தான். இரவுக் கிடைக்கும், குட்டி போடும் பட்டிக்கும் தாராளமாக வாங்கலாம். மண் இளக்கமானால் இரட்டை ஊசி முளை எடுங்கள். கல்தரைக்கு ஒற்றை ஊசி போதும், இரட்டை இறங்காது.