பறக்கும் பறவையைப் படமெடுக்கப் பழக எது தோது: கண்மாயா, படகுத்துறையா, தனுஷ்கோடியா?

ராமநாதபுரம் பக்கம் புது லென்ஸோடு வருகிறவர்கள் நேரே தனுஷ்கோடிக்குப் போய்ப் பூநாரையில் (ஃபிளமிங்கோ) தொடங்குகிறார்கள். பழகுவதற்கு அது கடைசி இடம். முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், பறவையை அப்புறம் பார்க்கலாம். எந்தப் பறவையும் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு முகம் கொடுக்கும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். காலையில் கிழக்கு வெயிலை முதுகில் வாங்கி மேற்கே பார்த்து நின்றால், பறவை பாதி நம் பக்கமாகவே வரும். முகம், கண், விரித்த சிறகு எல்லாம் கிடைக்கும். அதே நாள் மாலையில் வெயில் பக்கம் மாறிவிடும், வாலும் முதுகும்தான் மிஞ்சும். ஆனி, ஆடியில் கச்சான் (மேல்காற்று) வீசும்போது கணக்கு தலைகீழ்: அப்போது மாலைதான் நல்லது.

மழை ஏமாற்றாத வருடத்தில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் ஆரம்பப் பள்ளிக்கூடம். (இரண்டும் 2025-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை.) மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் உடல் பெரியவை, சிறகடிப்பு மெது. கூட்டுக்குத் திரும்பத் திரும்ப ஒரே வழியில் வரும் என்பதுதான் பெரிய வசதி. பத்து நிமிடம் சும்மா பார்த்தாலே அந்த வழி பிடிபட்டுவிடும். ஷட்டர் வேகம் 1/1600 நொடி போதும். சிக்கல் பின்னணியில் இருக்கிறது. பறவை கருவேல மரத்தைத் தாண்டும் நொடியில் ஃபோகஸ் கிளைக்கு ஓடிவிடும். அகலமான ஃபோகஸ் பரப்பை விட்டுவிட்டு, சிறிய பரப்பை வைத்துக்கொண்டு, தொடர் ஃபோகஸின் (நகரும் பறவையை விடாமல் தொடரும் ஃபோகஸ்) உணர்திறனைக் குறைத்தால் குறுக்கே வரும் கிளையைக் கேமரா பொருட்படுத்தாது. கரையை விட்டு இறங்கிக் கூட்டுக்குக் கிட்டே போவது கூடவே கூடாது. தாய் எழுந்து போனால் குஞ்சு வெயிலிலும் காக்கையிடமும் மாட்டும். 400 மி.மீ. எட்டாது, இங்கே 600 வேண்டும். கண்மாய் வற்றிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

மழை பொய்த்த வருடத்துக்குக் கைகொடுப்பது பாம்பன், மண்டபம் படகுத்துறை. படகு கரைசேர்ந்து வலை உதறும் நேரத்தில் செம்பருந்தும் கடற்காகமும் தலைக்கு மேலேயே சுற்றும். 100-400 ஜூம் தாராளம், சில சமயம் 200 மி.மீ.-இலேயே பறவை படச் சட்டத்துக்குள் அடங்காது. ஒரு மணி நேரத்தில் நூறு வாய்ப்பு வரும், கை பழகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செம்பருந்து நீர்மேல் மிதக்கும் மீன்கழிவைக் காலால் அள்ளிக்கொண்டு போகும். தாழத் தொடங்கியதுமே பொத்தானை அழுத்த வேண்டும், கால் நீட்டிய பிறகு அழுத்தினால் படத்தில் தண்ணீர் வளையம் மட்டும் இருக்கும். ஷட்டர் 1/2500. குறை என்னவென்றால் பின்னால் கயிறு, கம்பம், டீசல் கேன் எல்லாம் வரும். அழகான படம் எதிர்பார்க்காமல் பயிற்சிக்கூடமாக வைத்துக்கொள்ளலாம். வேலை நடக்கிற இடம், கேட்டுவிட்டு ஓரமாக நிற்பது மரியாதை.

வெளிச்ச அளவைத் தானியங்கியிடம் விட்டால் இரண்டு இடத்திலும் கெடும். வானத்துக்கு எதிரே கடற்காகம் கறுக்கும், இருண்ட மரத்துக்கு எதிரே கொக்கு வெளுத்துப்போகும். வெயில் நிலையாக இருக்கும்போது, வெயில் படும் வெள்ளைப் பறவை ஒன்றை எடுத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பை முட்டாத அளவுக்கு ஷட்டர், லென்ஸ் துளை (அபர்ச்சர்), ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) மூன்றையும் கையால் பூட்டிவிடலாம். பின்னணி எப்படி மாறினாலும் இறகு அப்படியே இருக்கும். மேகம் மறைத்தால் மட்டும் ஐ.எஸ்.ஓ.வைத் தொட்டால் போதும்.

தனுஷ்கோடிக்கு வந்தால், கோதண்டராமர் கோவில் பக்கத்து நீர்த்தேக்கத்தை ரோட்டோரம் நின்று வடக்கே பார்த்தால், தையில் நாள் முழுக்க வெயில் முதுகுப் பக்கம்தான். ஆனால் வாடையில் பூநாரை நம்மை விட்டு விலகியே எழும். காற்று கொண்டலாக (கிழக்குக் காற்றாக) திரும்பும் நாளில்தான் முழுப் பக்கவாட்டு கிடைக்கும். எழும்புவதற்கு முன் கூட்டமாகக் கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கும், பிறகு தண்ணீர்மேல் ஓடும். சிறகுக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் தெரியும். படத்துக்காக விரட்டுவது அயோக்கியத்தனம், 2025-இல் இது பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் மணலிலிருந்து எழும் வெப்ப அலையில் தூரத்துப் பறவை நெளியும், எத்தனை விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. மாலையில் வெளியே அனுப்பிவிடுவதால் கடைசி வெளிச்சமும் நமக்கில்லை.

ஆலா (டெர்ன் என்ற கடற்பறவை) இன்னும் கடினம். ஒரே இடத்தில் சிறகடித்து நின்று சட்டென்று செங்குத்தாக விழும். 1/3200 வைத்து, நிற்கும்போதே ஃபோகஸைப் பிடித்து, விழும் பாதைக்குக் கீழே இடம் விட்டுச் சட்டம் கட்ட வேண்டும். அலைநுரையின் மினுக்கத்துக்கு ஃபோகஸ் தாவுவதும் சகஜம்.

காற்றடிக்கும் கரையில் இரண்டு கிலோ எடையுள்ள 150-600 லென்ஸ் கையை ஆட்டும், ஒற்றைக்கால் தாங்கி போதும். முக்காலியின் மூட்டில் மணல் ஏறினால் கரகரத்துச் சிக்கிக்கொள்ளும். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. கண்ணாடியில் படியும் உப்பை உலர்துணியால் தேய்த்தால் கீறல்தான். முதலில் ஊதுகுமிழால் மணலைத் தள்ளி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகே துடைக்க வேண்டும்.