வீட்டில் கட்டிய விமானம்: வாங்கும் முன் யாரை விட்டுப் பார்ப்பது?

அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். பல வருஷமாகச் சேர்த்த காசில் ஒரு பழைய ஆர்வி-6 வாங்கப் போவதாகப் போன மாதம் போன் செய்தான். வேன்ஸ் நிறுவனம் விற்கும் பாகங்களின் தொகுப்பை (கிட்) வாங்கி ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் ரிவெட் அடித்துக் கட்டிய அலுமினிய விமானம் அது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். "கட்டினவரே முழுசா செக் பண்ணித் தாரேன்னு சொல்லுதாரு மாமா" என்றான். மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் விற்கிறவனையே பல்லைப் பார்த்துச் சொல்லச் சொல்வோமால என்று கேட்டேன்.

விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று பாளையங்கோட்டைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு உறக்கம் கெடும். தொழிற்சாலையில் செய்த செஸ்னா 172 மாதிரிச் சின்ன விமானம் என்றால் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பார், ஒன்றைப் போலத்தான் மற்றொன்று இருக்கும். வீட்டில் கட்டிய விமானம் அப்படி இல்லை. பாதிக்கு மேல் வேலையை அமெச்சூர்கள் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அங்குள்ள சட்டம். குழாய் எங்கே போகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கட்டினவர் முடிவு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது, வேறொருவர் கட்டி, அவர் புதிதாக வாங்கியிருந்த லாங்-ஈஸி என்ற விமானத்தில். அதன் எரிபொருள் வால்வின் கைப்பிடியை, வரைபடம் காட்டிய இடத்தை விட்டு, ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் கட்டினவர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-ல் நடந்த, வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் பழசாக வாங்கிய விமானங்களாகவே இருந்தன.

சரி, மருமகன் முன்னால் இருந்த வழிகள் நான்கு.

முதல் வழி, கட்டினவரே பார்த்துத் தருவது. செலவே கிடையாது. போன மாதம்தான் வருடாந்திர கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷனை முடித்துக் கையெழுத்துப் போட்டதாகவும் அவர் சொல்கிறார். 12 மாதத்துக்கு ஒருமுறை அது கட்டாயம். கட்டினவருக்கு அரசு கொடுக்கும் ரிப்பேர்மேன் சான்றிதழ் வைத்திருந்தால் கட்டினவரே அதில் கையெழுத்துப் போடலாம். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு, விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்கிறது என்பது மட்டும்தான் அர்த்தம். கேட்கிற விலைக்கு அது தகுமா, அடுத்த வருஷம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தான் அடித்த ரிவெட்டில் குறை தன் கண்ணுக்குத் தெரியாது. சோதனை நடக்கும்போது அவர் பக்கத்தில் இருந்து கேள்விக்குப் பதில் சொல்லட்டும், அதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. இன்னொன்று, அந்தச் சான்றிதழ் அவர் பெயருக்கும் அந்த ஒரு விமானத்துக்கும் மட்டும் உரியது, விற்பனையோடு கைமாறாது. நாளைக்கு வருடாந்திரக் கையெழுத்துக்கு மருமகன் ஒரு ஏ அண்ட் பி மெக்கானிக்கை (விமான உடல், எஞ்சின் இரண்டுக்கும் அரசு லைசென்ஸ் உள்ளவர்) தேடலாம், இல்லையென்றால் இவரிடமே திரும்ப வரலாம்.

இரண்டாவது வழி, அந்த ஊர் விமான நிலையத்தில் இருக்கும் ஏ அண்ட் பி மெக்கானிக். இவரிடம் எஞ்சினை நம்பிக் கொடுக்கலாம். ஆர்வி-6-ல் பெரும்பாலும் லைகாமிங் ஓ-320 அல்லது ஓ-360 இருக்கும். ஓ-320 பல செஸ்னா 172-களிலும் உள்ளதுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார். பிளக் துளை வழியாக போர்ஸ்கோப் என்ற குச்சிக் கேமராவை விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பார்ப்பார். நிறம் வட்டமாக, நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராக இருந்தால் நல்லது. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி நிறம் மாறியிருந்தால் அங்கே வால்வு எரிய ஆரம்பித்திருக்கிறது. அப்புறம் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தைப் பிழிந்து விரித்துப் பார்க்க வேண்டும். துகள் இருந்து காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் தேய்கிறதோ என்று பயப்பட வேண்டியதுதான். லைகாமிங்கில் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் மேல்பக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் பறக்காமல் நிறுத்தினால் எண்ணெய் வடிந்து அது துருப்பிடிக்கும், கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் சீக்கிரம். உவரியில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் மொத்தம் எத்தனை மணி ஓடியது என்பதை விட, கடைசி மூன்று வருஷம் எத்தனை மணி ஓடியது என்பதையே முதலில் கேட்கச் சொன்னேன்.

ஆனால் ஆர்வி-யையே திறந்து பார்க்காத மெக்கானிக்குக்கு விமானத்தின் உடற்கூட்டில் எங்கே டார்ச் அடிக்க வேண்டும் என்று தெரியாது. மூன்றாவது வழி இங்கேதான் வருகிறது: அதே வகையை ஒன்றிரண்டு கட்டி முடித்த அனுபவசாலி. வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் ஈஏஏ அமைப்பில் டெக்னிகல் கவுன்சிலர் என்று சம்பளம் இல்லாமல் உதவுகிறவர்களும் உண்டு. இவர் வந்ததும் நேராக வாலுக்குப் போவார். ஹரிஸான்டல் ஸ்டெபிலைசரின் (வாலின் கிடைமட்டச் சிறகு) முன் ஸ்பாரில், அதாவது உள்ளே தாங்கும் உத்திரத்தில், விரிசல் வரலாம் என்று வேன்ஸ் 2014-ல் சர்வீஸ் புல்லட்டின் என்ற எச்சரிக்கை அறிவிப்பு விட்டது, ஆர்வி-6-ம் அதில் உண்டு. பின்னர் இறக்கையின் பின் ஸ்பார் கூட்டோடு சேரும் போல்ட் துளையைப் பார்ப்பார். துளை ஓரத்துக்கு மிக நெருக்கமாகப் போயிருந்தால் பின்னால் சரி செய்வது லேசான காரியம் இல்லை. ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புப் பொடி, காற்று ஓடும் திசையில் மை இழுத்த மாதிரி வால் விட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார். துணியால் துடைத்தாலும் பறந்து வந்தால் திரும்பத் தெரியும். அந்த ரிவெட் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறது. இவரிடம் லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம், பரவாயில்லை. வாங்கும் முன் செய்யும் சோதனைக்குச் சட்டத்தில் கையெழுத்தே கேட்பதில்லை.

நான்காவது, இந்த வகைகளையே ஊர் ஊராகப் போய்ச் சோதிக்கும் லைசென்ஸ் உள்ள நிபுணர். இரண்டும் மூன்றும் ஒரே ஆளில். பயணச் செலவு, தங்கும் செலவு, காத்திருப்பு எல்லாம் வாங்குகிறவர் தலையில். லாங்-ஈஸி போன்ற ஃபைபர் விமானமாக இருந்திருந்தால் வேறு பேச்சே இல்லாமல் இவரைத்தான் சொல்லியிருப்பேன். காசால் தட்டி, சத்தம் மங்கும் இடத்தில் அடுக்கு விட்டிருக்கிறது என்று சொல்ல அதே வேலையில் பழகிய காது வேண்டும்.

இந்த ஆர்வி-6-க்கு நான் சொன்னது இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து, ஒரே நாளில், ஒரே ஷெட்டில். செலவும் கட்டுப்படியாகும். அந்த மெக்கானிக்கே அடுத்த வருடாந்திரக் கையெழுத்துக்கும் வருவார் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு "சரி" சொல்ல மாட்டார். கௌலிங் (எஞ்சின் மூடி), தரைப் பலகை, வால் பக்கத்து மூடிகள் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், விமானத்தை எப்படிப் பறக்கலாம் என்ற கட்டுப்பாடுகள் அடங்கிய ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ் தாளும் எடைக் கணக்கும் கையில் இருக்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளச் சொன்னேன். குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிவிட்டான்.

வருகிற சனிக்கிழமை திறக்கிறார்கள். அறுத்த ஃபில்டர் காகிதத்தை வெயிலில் விரித்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே அப்போது நடுராத்திரி ஆகியிருக்கும், முழித்துத்தான் இருப்பேன்.