கணக்குப் பிரிவிலிருந்து டேட்டா வேலைக்கு: எக்செல், எஸ்க்யூஎல், பைத்தான், கிட் – நெடுநாள் பயன்பாட்டில் தெரிவது

வணிகவியல் படித்து, கணக்கு, விற்பனை, கொள்முதல் என்று வேலை பார்த்தவர்கள் ஐடி பக்கம் திரும்பும்போது முதலில் கேட்பது, "எந்த லாங்குவேஜ் படிக்கலாம்?" என்றுதான். வருகிற பதில் பெரும்பாலும் பைத்தான். பதிலில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. எக்செல், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி), பைத்தான், கிட் (ஃபைல்களின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவி) ஆகிய நான்கையும் தினசரி வேலையில் நெடுநாள் ஓட்டினால், கணக்குத் தெரிந்தவருக்கு எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே காலை வாரும் என்பது பிடிபட்டுவிடும்.

எக்செல் ஏற்கெனவே கைப்பழக்கமாக இருக்கும். அதில் கற்க வேண்டியதில் முக்கியமானது பவர் குவரி, அதாவது தரவை இழுத்துச் சுத்தம் செய்யும் வசதி. எக்செல் 2016 முதல் 'டேட்டா' என்ற மெனு டேப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் பத்து ஃபைல்களைக் காப்பி-பேஸ்ட் செய்து ஒட்டுபவர்கள் இன்னும் ஏராளம். ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, 'ஃப்ரம் ஃபோல்டர்' வழியாக இழுத்து, தேவையில்லாத நெடுவரிசையை நீக்கி, தேதியைத் திருத்தினால், ஒவ்வொன்றும் வலது பக்கத்தில் படிப்படியாகப் பதிவாகிவிடும். அடுத்த மாத ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் போதும். செய்முறையைத் தனியாகவும் தரவைத் தனியாகவும் வைக்கும் இந்தப் பழக்கம்தான் புரோகிராமிங்கின் முதல் பாடம்.

எக்செல் எங்கே உடையும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள்தான் அடங்கும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536. 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டதற்கு, இந்தப் பழைய வடிவத்தின் வரம்பு நிரம்பியதுதான் காரணம். அதோடு எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16 இலக்க எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யமும் காணாமல் போகும். கணக்கு எண், வாடிக்கையாளர் குறியீடு போன்றவற்றை எப்போதும் டெக்ஸ்டாகவே வைக்க வேண்டும். ஒரு டேபிளில் மதிப்பைத் தேடி எடுக்கும் வீலுக்கப்பில் (VLOOKUP) நான்காவது இடத்தை விட்டுவிட்டால் அது துல்லியப் பொருத்தம் பார்க்காமல் தோராயப் பொருத்தத்துக்குப் போய்விடும். பல நேரம் பிழைச் செய்தி வராது, தவறான தொகைதான் வரும்.

அடுத்தது எஸ்க்யூஎல். பைத்தானுக்கு முன்னால் இதுதான், தயங்கவே வேண்டாம். பேரேடு, வவுச்சர், வாடிக்கையாளர்வாரிப் பாக்கி என்று பழகிய தலைக்கு டேபிளும் குரூப் பையும் (ஒரே வகை வரிகளைச் சேர்த்துக் கூட்டுவது) புது விஷயமே இல்லை. ஆரம்பிக்க எஸ்க்யூலைட் போதும். சர்வர் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். இரண்டு சிஎஸ்வி ஃபைல்களை (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்கள்) ஏற்றுங்கள்: ஒன்றில் இன்வாய்ஸ், மற்றொன்றில் ரசீது. தரவை நீங்களே மாதிரியாக உருவாக்குங்கள். அலுவலகத் தரவைப் பெயரை மாற்றிக்கூட வெளியே எடுக்காதீர்கள்.

முதல் கேள்வி: ஒரு வாடிக்கையாளரின் பாக்கி எவ்வளவு? அவர் பேரில் இரண்டு இன்வாய்ஸ்கள் இருக்கின்றன என்று வையுங்கள். முதலாவது 10,000. அதற்கு 4,000, 3,000 என்று இரண்டு ரசீதுகள். இரண்டாவது 5,000, அதற்கு இன்னும் ஒரு காசு வரவில்லை. கையால் போட்டால் பாக்கி 8,000. இப்போது இரண்டு டேபிளையும் சாதாரண ஜாயினில் (இரண்டிலும் பொருந்தும் வரிகளை மட்டும் இணைப்பது) சேர்த்து, இன்வாய்ஸ் கூட்டலில் இருந்து ரசீது கூட்டலைக் கழித்துப் பாருங்கள். 13,000 வரும். முதல் இன்வாய்ஸுக்கு இரண்டு ரசீதுகள் இருப்பதால் 10,000 இரண்டு முறை கூட்டப்பட்டு 20,000 ஆகிவிட்டது. பணமே கட்டாத 5,000 ஜாயினில் பொருந்தாமல் உதிர்ந்துவிட்டது. இன்வாய்ஸ் டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினுக்கு மாற்றினால் 5,000 திரும்பி வரும், ஆனால் இரட்டிப்பு அப்படியே இருக்கும். விடை 18,000.

சரி, ரசீதுகளை இன்வாய்ஸ் எண்வாரியாக முதலில் கூட்டி, 7,000 என்று ஒரே வரியாக்கி, பிறகு லெஃப்ட் ஜாயின் செய்து வரிக்கு வரி கழித்துக் கூட்டினால்? 3,000. ரசீது இல்லாத இன்வாய்ஸுக்கு எதிரே நல் (NULL, மதிப்பே இல்லாத காலியிடம்) நிற்கிறது. 5,000 கழித்தல் நல் என்றால் விடையும் நல்தான், கூட்டும் கட்டளையான சம் (SUM) அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். கோயலெஸ் (COALESCE) போட்டு நல்லைப் பூஜ்யமாக்கிய பிறகுதான் 8,000 வரும். ஒரே கேள்விக்கு நான்கு விடைகள், ஒன்றிலும் பிழைச் செய்தி இல்லை. கணினி அறிவியல் படித்துவிட்டு வருபவர்களும் இங்கே சறுக்குவார்கள். கணக்கு பார்த்துப் பழகியவர் மட்டும் 13,000-ஐப் பார்த்ததும் "இது டேலி ஆகலையே" என்று நிற்பார். அந்த நிற்றல்தான் நீங்கள் இந்தத் துறைக்குக் கொண்டுவருகிற முதலீடு.

இன்னொரு பொறி 'நாட் இன்' (NOT IN, பட்டியலில் இல்லாதவை என்று கேட்பது). ரசீதே வராத இன்வாய்ஸ்களின் பட்டியல் வேண்டுமென்று, ரசீது டேபிளில் இல்லாத இன்வாய்ஸ் எண்களைக் கேட்கிறீர்கள். அந்த டேபிளில் எந்த இன்வாய்ஸுக்கு என்று குறிப்பிடாத ஆன்-அக்கவுண்ட் வரவு ஒன்றே ஒன்று இருந்து, அதன் எண் நல்லாக இருந்தால், பட்டியல் மொத்தமும் காலியாக வரும். எல்லோரும் பணம் கட்டிவிட்டார்கள் என்று மேலதிகாரிக்கு மெயில் போய்விடும்! 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

ஜாயின், குரூப் பை, சப்குவரி (கேள்விக்குள் கேள்வி), விண்டோ ஃபங்ஷன் (வரிகளை ஒன்றாக்காமலே குழுவாரியாகக் கணக்கிடுவது) வரை தேறியபின் பைத்தானுக்குப் போகலாம். டேபிள் வேலைக்கான பாண்டாஸ் லைப்ரரி எக்செல்காரர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதன் இயல்பான அமைப்புகள் கணக்கர்களை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. டேபிள்களை இணைக்கும் மெர்ஜ் எதுவும் சொல்லாவிட்டால் இன்னர் ஜாயின்தான் (மேலே பார்த்த சாதாரண ஜாயின்), பொருந்தாத வரிகள் சத்தமில்லாமல் உதிரும். குரூப்பை செய்தால் வகை காலியாக இருக்கும் வரிகளை விட்டுவிடும், கூட்டல் குறையும். டிராப்னா (dropna) என்பதை ஃபால்ஸ் (False) என்று வைத்தால் அவையும் சேரும். சிஎஸ்வி படிக்கும்போது குறியீட்டு நெடுவரிசைகளுக்கு டிடைப்பை (dtype, தரவு வகை) ஸ்ட்ரிங், அதாவது டெக்ஸ்ட் என்று கொடுக்காவிட்டால் முன் பூஜ்யம் இங்கேயும் போய்விடும். மெர்ஜில் இண்டிகேட்டர் வைத்தால் எந்த வரி எந்தப் பக்கத்தில் மட்டும் இருந்தது என்று தனி நெடுவரிசையே வரும். வேலிடேட் கொடுத்தால், ஒன்றுக்கு ஒன்று என்று நீங்கள் நினைத்த இடத்தில் இரட்டை வரி இருக்கும்போது அங்கேயே நின்று கத்தும். இந்த இரண்டும் இல்லாமல் மெர்ஜ் எழுதும் பழக்கமே வேண்டாம் என்பேன்.

பைசா வித்தியாசம் வேறு கதை. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைத்தானின் கோளாறு அல்ல, பின்னங்களை இரும எண்ணில் சேமிக்கும் முறை அப்படி. ரவுண்டு செய்வதிலும் வேறுபாடு உண்டு. 2.5-ஐ எக்செல் 3 ஆக்கும், பைத்தான் 2 ஆக்கும், ஏனென்றால் சரிபாதியில் நின்றால் அது இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாயும். ஆயிரக்கணக்கான வரிசைகளில் டாக்ஸ் கணக்கிட்டால் இரண்டு ரிப்போர்ட்டுகளும் ஒத்துப்போகாது. பணத்துக்கு, எண்ணைத் தசமமாகவே சேமிக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்தி, ரவுண்டிங் முறையையும் வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு.

நோட்புக்கில் (பைத்தானைச் செல் செல்லாகப் பிரித்து ஓட்டும் இடம்) செல்களை முன்பின்னாக ஓட்டி வந்த விடையை நம்ப வேண்டாம். அனுப்புவதற்கு முன் கெர்னலை (பின்னணியில் நிரலை ஓட்டும் பகுதி) ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டுங்கள். பிழை வந்தால் பைத்தான் கக்கும் நீளமான செய்தியில் கடைசி வரியை முதலில் படியுங்கள், விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கிட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தப்பான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்பவருக்கு 'கிட் ரிவர்ட்' உடனே புரியும். ஒரே எச்சரிக்கை: டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தவறிக் கமிட் செய்துவிட்டால் (கிட்டின் வரலாற்றில் பதிந்துவிட்டால்), அந்த ஃபைலை அடுத்த கமிட்டில் நீக்குவதால் பயனில்லை, பழைய வரலாற்றில் அது இருக்கும். முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது.

1494-ல் லூக்கா பச்சோலி அச்சில் விவரித்த இரட்டைப் பதிவு முறையின் சாரம் பற்றும் வரவும் சமமாக இருப்பது. அதையே நிரலில் அசர்ட் (நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்தும் கட்டளை) என்று எழுதலாம். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வந்த வரிகள் எத்தனை, வெளியே போனவை எத்தனை, மொத்தத் தொகை மாறியதா என்று மூன்று சோதனைகள். மாறியிருந்தால் நிரல் நிற்க வேண்டும். மற்றவர்கள் டெஸ்டிங் என்று தனியாகப் படிப்பதில் பாதி இதுதான்.

வேலை தேடும்போது காட்டுவதற்கு, எல்லோரும் செய்யும் பங்குச்சந்தைக் கணிப்பு புராஜெக்ட் வேண்டாம். பேங்க் ரீகன்சிலியேஷன் (வங்கிப் பதிவையும் நம் கேஷ்புக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) செய்யுங்கள். முதலில் ரெஃபரன்ஸ் எண்ணால் பொருத்துங்கள். மிஞ்சியதைத் தொகையாலும், மூன்று நாள் வரை தேதி இடைவெளி அனுமதித்தும் பொருத்துங்கள். ஒரே நாளில் ஒரே தொகை இரண்டு முறை வந்தால் ஜாயின் அதை நான்கு வரியாக்கிவிடும். ஒரே மாதிரியான வரிகளுக்கு ரோ நம்பர் (வரிசை எண்) கொடுத்து முதலாவதை முதலாவதோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் சேருங்கள். பொருந்தாதவை இரண்டு பட்டியல்களாக வெளியே வரட்டும்: பாஸ்புக்கில் மட்டும் இருப்பவை, கேஷ்புக்கில் மட்டும் இருப்பவை.

முதல் வேலைக்கு ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட், இஆர்பி ஃபங்ஷனல் கன்சல்டன்ட் (நிறுவனத்தின் பல பிரிவுகளை இணைக்கும் மென்பொருளுக்கான ஆலோசகர்), நிதி மென்பொருள் டெஸ்டிங் ஆகியவை பொருத்தமான வாசல்கள். இவற்றில் உங்கள் பழைய அனுபவம் அனுபவமாகவே எண்ணப்படும். வெப் டெவலப்பராக முயன்றால் அது பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். மெஷின் லேர்னிங்கை முதல் வேலையாகக் குறிவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ரெஸ்யூமேயில் "பைத்தான் தெரியும்" என்று ஒரு வரி போடுவதை விட, அந்த ரீகன்சிலியேஷன் புராஜெக்டின் லிங்கையும், எத்தனை வரிகள் பொருந்தின, எத்தனை மிஞ்சின, ஏன் மிஞ்சின என்பதையும் எழுதுங்கள். நேர்காணலில் கேள்விகள் அந்த மிஞ்சியவற்றைச் சுற்றித்தான் வரும், பதில் உங்களிடம் தயாராக இருக்கும்.