கத்திக்கு மெஷின் காட்டும் எண்ணை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

இலங்கையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கத்தி சாணை பிடிக்கக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதே மெஷினை வைத்து இதே மாதிரி சீட்டு கொடுக்கும் கடை நாளைக்கு உங்கள் டவுனிலும் வரலாம்.

எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மலைநாட்டில் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் கவ்வாத்து, அதாவது செடியின் கிளைகளை வெட்டித் தாழ்த்துவது. அது இந்த வருடம் வந்தது. நாலு கவ்வாத்துக் கத்தியையும் டவுனில் புதிதாகத் திறந்த சாணைக் கடையில் கொடுத்தேன். ஒரு கத்திக்கு 900 ரூபாய். பட்டறை ஆசாரி கேட்பதைவிட மூன்று மடங்கு. ஆனாலும் அங்கே ஒரு சின்ன மெஷின் இருந்தது. அதில் மெல்லிய இழை ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் கத்தியை வைத்து நேராக அழுத்துகிறார்கள். எத்தனை கிராம் பாரத்தில் இழை அறுகிறதோ அதுதான் கூரின் அளவு. எண் குறையக் குறையக் கூர் அதிகம். சவர பிளேடு 50ஐ ஒட்டி வரும், பெட்டியில் வரும் புதுச் சமையல் கத்தி பெரும்பாலும் 200க்கு மேலே நிற்கும். என் கத்திகளுக்கு 110, 115, 120, 125 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். "ஒரு சீசனுக்குச் சாணைக் கல்லே தேவைப்படாது அண்ணே" என்றார் கடைக்காரர். நம்பினேன்.

மறுநாள் காலை கவ்வாத்து வெட்ட என் மாமனாரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். முதல் பத்துச் செடி வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. இருபதாவது செடிக்கு முன்னாலேயே மாமா நின்றுவிட்டார். "மாப்புள, இங்க வந்து பாருங்க." வெட்டிய வாதில் (கிளையில்) ஒரு பக்கம் சரிவாக, வழவழப்பாக இருந்தது. மறுபக்கம் பட்டை கிழிந்து நார் தொங்கியது. கவ்வாத்தில் இது நடக்கவே கூடாது. கிழிந்த பட்டையில் தண்ணீர் தங்கும், பூஞ்சை இறங்கும், வாது உள்ளுக்குள் உளுத்துப் போகும். நாங்கள் கவனிப்பதற்குள் 37 செடி அப்படியாகிவிட்டது.

மாமா கத்தியை வெயிலுக்கு நேராகத் தூக்கி, கூர்ப்பக்கத்தைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்தார். நல்ல கூர் என்றால் அங்கே வெளிச்சமே தெரியாது. இதில் கத்தியின் வளைவு முழுக்க வெள்ளை நூல் ஓடிய மாதிரி மின்னியது. நகத்தை விளிம்பில் வைத்துக் குறுக்கே இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் சொரசொரவென்று தட்டியது. பிசிறு மடங்கிப் போயிருந்தது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சாணை பிடித்தால் விளிம்பில் காகிதம் மாதிரி ஒரு பிசிறு எழும்பும். அதை எடுக்காமல் விட்டால் அதுவே இழையைச் சட்டென்று அறுத்துவிடும், எண்ணும் அழகாக வரும். ஆனால் மரத்தில் பட்டதும் அது மடியும். அதோடு, எண்ணைக் குறைக்க விளிம்பைச் சமையல் கத்தி போல மெலித்திருந்தார்கள். கவ்வாத்துக் கத்திக்குக் கூருக்குப் பின்னால் கொஞ்சம் சதை வேண்டும். இல்லாவிட்டால் முற்றிய வாதை வெட்டும்போது விளிம்பு தாங்காது.

கத்திகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் ஒன்றை வாங்கி மெஷினில் வைத்தார். 130. "பாருங்க, கூர் அப்படியே இருக்கே!" என்றார். வைத்த இடம் பிடிக்குப் பக்கத்தில், நேராக இருக்கும் இடம். அங்கே யாரும் வெட்டுவதே இல்லை! வளைவில் வையுங்கள் என்று இரண்டு தடவை கேட்ட பிறகு வைத்தார். 840. உடனே, "கல்லுல அடிச்சிருப்பீங்க" என்றார். பணம் திரும்பி வரவில்லை.

அந்த மெஷின் பொய் சொல்லவில்லை. ஒரு புள்ளியில், அந்த நிமிடத்தில், நேராக அழுத்தினால் எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. இழுத்து வெட்டும்போது எப்படி, வளைவில் எப்படி, நூறு வெட்டுக்குப் பிறகு எப்படி என்று அதற்குத் தெரியாது. சமையல் கத்திகளுக்கான சர்வதேசத் தரம், ஐஎஸ்ஓ 8442-5, ஒரே எண்ணோடு நிற்பதில்லை. மணல் கலந்த அட்டையைக் கத்தியால் 60 தடவை வெட்ட வைத்து, முதல் மூன்று வெட்டின் ஆழத்தைத் தனியாகவும் மொத்த ஆழத்தைத் தனியாகவும் கணக்கெடுக்கிறார்கள். கூர் வேறு, கூர் நிற்பது வேறு என்பதால்தான் இரண்டு எண்.

இனி கடைக்குப் போனால், காசு கொடுப்பதற்கு முன் காய்ந்த மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை) ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே பத்துத் தடவை வெட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு, நீங்கள் வெட்டும் இடத்தில் கத்தியை மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். பிடி, நடு, நுனி என்று மூன்று இடத்திலும் அளக்கட்டும். மறுத்தால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். விளிம்பில் நீலம் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீலம் என்றால் இரும்பு 300 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடேறியிருக்கிறது, அந்த இடத்தில் பதம் போய் இரும்பு மெதுவாகியிருக்கும். அதை எந்த இழையும் காட்டாது.

மூன்று கத்தியைப் பழைய ஆசாரியே சரிசெய்து கொடுத்துவிட்டார். நாலாவதின் நுனியில் நீலம் இருந்தது. நீலம் போகும்வரை தேய்த்ததில் அரை விரல் அகலம் குறைந்துவிட்டது. கிழிந்த 37 செடியையும் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி மாமா திரும்ப வெட்டியிருக்கிறார். துளிர் வருகிறதா என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன்.